அன்னதானமும் வித்தியாதானமும்

ஈழநாட்டுச் சைவ மக்களுக்கு அன்னதானம் புதிதாகக் கற்பிக்க வேண்டிய தருமமன்று. கிராமத்துக் கோயிலிலே கொடியேறினால் மடத்திலே உலையும் ஏறும். கீரிமலைக்கு நீராடச் சென்றவர் மடத்திலே பசியாறி வருவர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனை அடியவர் அன்னதானக் கந்தன் என்றே அழைப்பர். கோடை நாளிலே தெருவோரங்களில் தண்ணீர்ப்பந்தலும் மோர்க்குடமும் வைப்பது இன்றும் நடைபெறும் வழக்கம். கடல் கடந்து சிதம்பரத்திலும் யாழ்ப்பாணத்தவர் மடங்களைக் கட்டி, நிலபுலன் எழுதிவைத்து, அங்கு செல்லும் அடியவர்க்குச் சோறிட ஒழுங்கு செய்தனர். மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் எமது நயினாதீவே எனச் சொல்லி மகிழ்வோரும் எம்மிடையே உளர்.

இவ்வளவு சோறு வழங்கிய மக்கள், பசித்த வயிற்றோடு பள்ளிக்கூட வாங்கிலே அமர்ந்திருந்த பிள்ளையை எக்காலத்திலே கண்டனர்? கண்ட பின் யாது செய்தனர்? சோறிட்டவர்கள் அதற்கு மாற்றாக அப்பிள்ளையிடம் எதனைக் கேட்டனர்? இவ்வினாக்களை மனத்திற்கொண்டு பழைய வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்க்க விரும்புகின்றோம். எமது சங்கமும் வறிய மாணவர்க்கு உணவும் கொப்பியும் கொடுக்கும் பணியிலே இறங்கியிருத்தலால், இஃது எமக்கு வெறும் பழங்கதை அன்று.

முதலில் ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். எமது பழைய அன்னதானம் திருநாளை நோக்கி அமைந்தது. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். சிறு கோயிலாயின் பத்து நாள். பள்ளிக்கூடமோ ஆண்டிலே இருநூறு நாளளவு நடைபெறுவது. திருவிழா முடிந்து அடுப்பு அணைந்த பின்னும் பிள்ளைக்குப் பசி உண்டு. மறுநாட் காலையிலே பாடமும் உண்டு. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலே சட்டம்பியாருக்கு அரிசியும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுப்பவர் பெற்றோர். கொடுக்க வகையில்லாத வீட்டுப் பிள்ளை திண்ணைக்கே வந்ததில்லை. வந்தாற்றானே அதன் பசி ஒருவர் கண்ணிற் படும்! மாடு மேய்க்கவும், பனங்கிழங்கு கிண்டவும், தம்பி தங்கையரைப் பார்த்துக் கொள்ளவும் அப்பிள்ளை வீட்டிலே நின்றது. ஆகையால் அன்னதானம் ஒரு வழியிலும் வித்தியாதானம் இன்னொரு வழியிலும் சென்றன. இரண்டும் ஒரே கூரையின் கீழ்ச் சந்தித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான். அச்சந்திப்பை ஒழுங்காக நடத்தியவர்கள் பிறநாட்டவர் என்பதை மறைப்பதிலே பயனில்லை.

1816ஆம் ஆண்டிலே அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய கிறிஸ்தவ தேவாலயக் கட்டடங்களைத் திருத்தி அங்கே தங்கினர். கிராமந்தோறும் பகற் பள்ளிக்கூடங்களைத் திறந்தனர். அவற்றோடு அமையாது, பிள்ளைகளைத் தம்மிடத்தே தங்கவைத்து, உணவும் உடையும் கொடுத்துப் படிப்பிக்கும் தரும விடுதிப் பள்ளிக்கூடங்களையும் நடத்தினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்கூடமும் எழுந்தன. தொடக்க காலத்திலே பெற்றோர் அஞ்சினர். பெண்ணைப் படிக்க விடுவதே புதுமை. பிறசமயத்தார் வளவிலே தங்க விடுவது அதனினும் பெரிய புதுமை. வட்டுக்கோட்டையிலே சைவப் பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றைத் தொட மறுத்தமையால், அயலிலே சைவர் ஒருவரின் காணியிலே சமையற்கொட்டில் போட நேர்ந்தது. உடுவிலிலே படிப்பை முடிக்கும்வரை நின்ற பெண்களுக்கு மிஷன் சீதனமும் கொடுத்தது! யாழ்ப்பாணத்தாரின் மனத்தை வந்தவர்கள் விரைவிலே அறிந்துகொண்டார்கள் என்றே சொல்லுதல் வேண்டும்.

இப்பிள்ளைகளின் செலவுக்குப் பணம் வந்த வழி கவனிக்கத் தக்கது. அமெரிக்காவிலுள்ள ஒரு சபையோ, மாதர் சங்கமோ, தனியொருவரோ ஆண்டுதோறும் ஒரு தொகையை அனுப்புவர். அத்தொகை ஒரு பிள்ளையின் உணவுக்கும் உடைக்கும் கல்விக்கும் கணக்கிடப்படும். அனுப்பியவருக்கு அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் உரிமை உண்டு. தம் போதகரின் பெயரையோ, தம் குடும்பத்தவர் ஒருவரின் பெயரையோ அவர் இட்டுவிடுவார். கடலுக்கு அப்பால், தாம் ஒருநாளும் பார்த்திராத ஒருவரின் பெயரைச் சுமந்துகொண்டு, அளவெட்டிப் பிள்ளையும் சுதுமலைப் பிள்ளையும் வகுப்பிலே எழுந்து நின்று இடாப்புக்கு விடை சொல்லினர். சுதுமலை விசுவநாதபிள்ளை கறல் விசுவநாதபிள்ளை ஆனது இவ்வாறே. பெற்றோர் இட்ட பெயர் பின்னுக்குப் போயிற்று. பணம் தந்தவரிட்ட பெயர் முன்னுக்கு வந்து நின்றது.

அச்சோற்றை உண்டு படித்தவர்களால் இந்நாடு அடைந்த நன்மையை நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். 1857ஆம் ஆண்டிலே சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர் இருவர்; இருவரும் வட்டுக்கோட்டையிலே பயின்றவர்கள். ஒருவர் மேற்சொன்ன கறல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவத்துக்கே மீண்டு, செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடி எடுத்துத் தொல்காப்பியத்தையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். மிஷன் சோறு தமிழ் இலக்கணத்தைக் காத்தது என்று ஒருவர் வேடிக்கையாகச் சொன்னால் அதிலே உண்மை இல்லாமற் போகாது. எனினும் அக்கல்விக்கூடத்தின் முடிவையும் பார்த்தல் வேண்டும். 1855இலே அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவினர் கணக்குப் பார்த்தனர். ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் படித்தவர் பலர். சமயப்பணிக்கு வந்தவர் சிலர். செமினரி மூடப்பட்டது. கொடுத்தவர் எதிர்பார்த்த பயன் வேறு, பெற்றவர் அடைந்த பயன் வேறு. அவ்விடத்திலே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது பதினேழு ஆண்டுகள் கழித்து, 1872இலேதான்.

இனி எமது பக்கத்துக்கு வருவோம். நல்லூரிலே 1822இற் பிறந்த ஆறுமுக நாவலர் பெருமான், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தின் சமையலறை முதற் கணக்குப் புத்தகம் வரை அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. 1848ஆம் ஆண்டிலே அவர் அவ்வுத்தியோகத்தையும் அதன் சம்பளத்தையும் விட்டுவிட்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகளிடம் வேதனம் வாங்கப்படவில்லை. புத்தகம் இல்லை என்பதைக் கண்டு அச்சியந்திரம் வாங்கினார். பாலபாடங்களையும் சைவ வினாவிடைகளையும் தாமே எழுதி அச்சிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசாங்க நன்கொடையின்றியே அவ்வித்தியாசாலை நடைபெற்றது. 1864இற் சிதம்பரத்திலும் அதே பெயரிலே ஒன்றை நிறுவினார்.

பணம் எங்கிருந்து வந்தது? பிரபுக்கள் சிலர் கொடுத்தனர். கொடுப்பதாகச் சொல்லி மறந்தவரும் இருந்திருப்பர், அது எக்காலத்துக்கும் உரியது. ஆனால் எமது மனத்தைத் தொடுவது பிடியரிசி. வீட்டுப் பெண்கள் உலையிலே அரிசி இடும்போது ஒரு பிடியை எடுத்து வேறொரு முட்டியிலே போட்டுவைப்பர். குறித்த நாளிலே வித்தியாசாலைக்காக அது திரட்டப்படும். இவ்வொழுங்கின் அருமையை ஆராய்தல் நன்று. ஒரு பிடி குறைவதால் எந்த வீட்டிலும் பசி வாராது. கொடுப்பவளுக்குப் பெயரில்லை, இடாப்பில்லை, கல்வெட்டில்லை. ஏழை வீட்டுப் பிடிக்கும் செல்வர் வீட்டுப் பிடிக்கும் கையளவு ஏறத்தாழ ஒன்றே. யாருடைய அரிசி எந்தப் பிள்ளையின் படிப்புக்குப் போயிற்று என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகையால் எந்தப் பிள்ளையும் எவருடைய பெயரையும் சுமக்க வேண்டியதில்லை. சமையல் நாள்தோறும் நடப்பதாகையால் பிடியரிசியும் திருநாளைப் பார்த்து நிற்பதில்லை. வட்டுக்கோட்டை முறைக்கு நாவலர் காலத்துச் சைவர் தந்த விடை இதுவே என்று நாம் கருதுகின்றோம். அவர்கள் அவ்வாறு எண்ணித்தான் செய்தார்களா என்று கேட்டால், தேவை அவர்களை அவ்வழியிலே தள்ளிற்று என்பதே பொருத்தமாகும்.

1876, 1877ஆம் ஆண்டுகளிலே பஞ்சமும் பேதியும் யாழ்ப்பாணத்தை வாட்டின. நாவலர் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். பொருளுள்ளவர்களிடம் இரந்து பெற்ற நெல்லும் பணமும் கஞ்சியாயின. பஞ்சகாலத்திலே அதிகாரிகள் காட்டிய அலட்சியத்தையும் அவர் எழுத்திலே கண்டித்தார். கண்டனம் எழுதுவோர் பலர் கஞ்சி வார்ப்பதில்லை. கஞ்சி வார்ப்போர் பலர் கண்டனம் எழுத அஞ்சுவர். அவர் இரண்டையுஞ் செய்தார். 1879இலே சிவபதமடைந்தார்.

நாவலர் விட்ட இடத்திலிருந்து வித்தியாசாலைகள் பெருகின. 1888இற் சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், 1910இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியும் அமைந்தன. சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1913இலே பெண்களுக்காக இராமநாதன் கல்லூரியையும், 1921இலே திருநெல்வேலியிற் பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவினார். இவையெல்லாம் எமக்குப் பெருமை தருவன. ஆயினும் இவை பெரும்பாலும் ஆங்கிலம் படிப்பித்த, வேதனம் வாங்கிய கல்லூரிகள். சிங்கப்பூரிலிருந்தும் மலாயாவிலிருந்தும் காசுக்கட்டளை வந்த வீட்டுப் பிள்ளை அங்கே போயிற்று. தோட்டந் துரவில்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடமே கதி. அதுவும் ஐந்தாம் வகுப்பு வரைதான்.

அப்பிள்ளையை நோக்கிச் சென்றது 1923இலே தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம். ஊராராலே இந்துபோட் எனப்பட்ட அச்சங்கத்தை நெடுங்காலம் நடத்தியவர் சு. இராசரத்தினம் அவர்கள். வழக்கறிஞர் தொழிலைப் பின்னுக்குத் தள்ளி, ஊர் ஊராய்த் திரிந்து, நூற்றுக்கு மேற்பட்ட சைவப் பாடசாலைகளை அவர் நிலைபெறச் செய்தார். திருநெல்வேலியிலே சைவாசிரிய கலாசாலையும் சைவ அநாதைச்சாலையும் அச்சங்கத்தின் கீழ் இயங்கின. தாய் தந்தையரற்ற பிள்ளைக்கு உண்ணவும் உறங்கவும் ஓர் இடம், அருகிலே படிக்க ஒரு பள்ளிக்கூடம், வளர்ந்தபின் ஆசிரியராக வர ஒரு கலாசாலை. இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்ததுதான் அவ்வொழுங்கின் சிறப்பு. சோறு கொடுத்துவிட்டுக் கைவிடும் தருமமாக அஃது அமையவில்லை.

ஈண்டு எமது முன்னோரைப் பற்றிக் கசப்பான ஒன்றையுஞ் சொல்ல வேண்டியிருக்கின்றது. பெரியோர்கள் பொறுத்தருள்க. வித்தியாசாலையின் கதவு எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. நாவலர் பெருமானும் தம் காலத்துச் சாதியொழுக்கத்தைக் கடந்தவரல்லர். தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் சில பள்ளிக்கூடங்களிலே சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்ட இடத்தில் மற்றையோர் வாங்கிலே இருக்க அவர்கள் நிலத்திலே இருந்தனர். தண்ணீருக்கும் வேறு பாத்திரம். இக்குறை சைவப் பள்ளிக்கூடங்களுக்கு மாத்திரம் உரியதன்று. மிஷன் பள்ளிக்கூடங்களும் இதிலிருந்து தப்பவில்லை. 1920களின் இறுதியிலே சம ஆசனம் வேண்டும் என்ற கிளர்ச்சி வலுத்து, அரசாங்கமும் அதனைக் கட்டளையாக்கியபோது, குடாநாட்டிலே சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. பிள்ளைகள் ஒரே வாங்கிலே இருந்து விடக்கூடாது என்பதற்காக வாங்கையும் கூரையையும் எரித்த மனம் எத்தகையது!

ஆசனத்தை விடச் சோறு கடினமாயிற்று. பக்கத்திலிருந்து படிப்பதைச் சகித்தவரும் பக்கத்திலிருந்து உண்பதைச் சகியாதிருந்தனர். விடுதியுள்ள கல்விக்கூடங்களிலே சமபோசனம் பெரும் வழக்காயிற்று. 1924இலே தோன்றிய யாழ்ப்பாண வாலிப காங்கிரஸார், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர், தம் மாநாடுகளிலே எல்லாரும் ஒரு பந்தியிலிருந்து உண்பதைக் கொள்கையாக வைத்து நடத்தினர். இளைஞர் சங்கங்கள் அரசியலிலே தலையிட்டால் முகஞ்சுழிப்பவர் உண்டு. அந்த இளைஞர்கள் பந்தி விரித்ததை மறத்தல் ஆகாது. அவர்களுக்கு முன்னரே, கரவெட்டியிலே கா. சூரன் அவர்கள் தம் மக்களின் பிள்ளைகளுக்கெனத் தேவரையாளிச் சைவ வித்தியாசாலையை 1910களிலே எழுப்பினார். கதவு திறக்கப்படும்வரை காத்திராமல் தாமே ஒரு கதவைச் செய்துகொண்டவர்கள் அவர்கள். அச்சிறு பாடசாலை இன்று தேவரையாளி இந்துக் கல்லூரியாக நிற்கின்றது. 1957இலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது; ஆயினும் சட்டம் வந்த நாளிலேயே பந்தி ஒன்றாகிவிடவில்லை என்பதை மூத்தோர் அறிவர்.

கீழ் மாகாணத்தை நோக்கினால் அங்கே விபுலாநந்த அடிகளைக் காண்கின்றோம். 1892இற் காரைதீவிலே பிறந்து, 1924இலே துறவு பூண்டு, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை மேற்பார்வை செய்தவர் அடிகள். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே 1929இற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியபோது, வறிய பிள்ளைகளும் அநாதைப் பிள்ளைகளும் தங்கிப் படிக்கும் மாணவர் இல்லமும் அங்கே வளர்ந்தது. அண்ணாமலைச் சர்வகலாசாலையிலே தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்தும், அயலிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். யாழ் நூலின் ஆசிரியர் என்றே அடிகளை நாம் மலர்களிலே புகழ்கின்றோம். மாணவர் இல்லத்துப் பந்தியை நடத்தியவர் என்ற வகையிலும் அவர் எமக்கு வேண்டியவர்.

அரசாங்கம் இத்துறையிலே முழுமையாக இறங்கியது பின்னரே. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியாலே 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொட்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்புத் தொடக்கம் சர்வகலாசாலை வரை வேதனம் இல்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு இதனினும் பெரிய உதவியை இந்நாட்டிலே எவரும் செய்ததில்லை என்று தயங்காமற் சொல்லலாம். பாடசாலைகளிலே இலவச மதிய உணவும் கொடுக்கப்பட்டு வந்தது. ஆனால் 1953ஆம் ஆண்டு யூலையிலே வந்த வரவு செலவுத் திட்டம் ஒரே மூச்சிலே கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தி, பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்திவிட்டது. வீட்டு உலையும் பள்ளிக்கூட உலையும் ஒரே நாளிலே தாக்கப்பட்டன. ஓகஸ்து 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது, உயிர்கள் பலியாயின, ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். இவ்வளவு பெரிய சம்பவத்திலே பிள்ளைகளின் மதிய உணவு ஒரு சிறு வரியாகவே பலராலும் நினைக்கப்படுகின்றது. நாமோ அச்சிறு வரியை அடிக்கோடிட விரும்புகின்றோம். அரசாங்கத்தின் சோறு பெரிய சோறு. எல்லாப் பிள்ளைகளையும் எட்டும் சோறு. அதனைத் தனியார் தருமம் எந்நாளும் ஈடுசெய்ய மாட்டாது. ஆனால் திறைசேரியிலே முட்டுப்பாடு வரும்போது முதலிலே கைவைக்கப்படுவதும் அதுவே; ஏனெனில் பிள்ளைகளுக்கு வாக்கில்லை.

பின்னர் கேயார் நிறுவனத்தாரின் பால்மா வந்தது, பணிசும் வந்தது. கோப்பையைக் கையிலேந்தி வரிசையிலே நின்றதை நினைவுகூர்வோர் எமது மூத்த அங்கத்தவரிடையே இருக்கின்றனர். 1960, 1961ஆம் ஆண்டுகளிலே உதவிபெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் வசமாயின. சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் அவ்வாறே கைமாறின. ஆசிரியர் சம்பளக் கவலை நீங்கிற்று. ஆனால் ‘இது எங்கள் பள்ளிக்கூடம், இங்கே பசித்த பிள்ளை எங்கள் பிள்ளை’ என்ற ஊராரின் எண்ணமும் மெல்லத் தளர்ந்தது. 1980இலே இலவசப் பாடநூல்களும், 1993இலே இலவசச் சீருடைத் துணியும் வந்தன. 1989இலே மதிய உணவுத் திட்டம் ஒன்று தொடங்கிப் பின் தேய்ந்து, வேறு வடிவங்களிலே மீண்டும் எழுந்தது. மலைநாட்டுத் தோட்டப் பிள்ளைகளுக்கு இவற்றுட் பலவும் காலந்தாழ்த்தியே எட்டின. அவர்களின் பள்ளிக்கூடங்கள் 1970களின் பிற்பகுதி வரை பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கீழே ஓராசிரியர் கொட்டில்களாகக் கிடந்தன. அந்த வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது.

யுத்த காலத்தை விரித்தெழுத எமக்கு மனம் வரவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமம் வெறுமையாயிற்று. 2009இலே வன்னியிலே முடிந்தது. பிள்ளைகள் பலர் பெற்றோரை இழந்தனர். அக்காலத்திலே கோயில்கள் சில, திருவிழாச் சோற்றைத் தாண்டி வந்தன. தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலிலே சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை வளர்த்தார். 2008இலே அம்மையார் மறைந்தபின்னும் அவ்வில்லம் அவர் பெயரைச் சொல்லி நிற்கின்றது. செல்வச்சந்நிதியிலே சந்நிதியான் ஆச்சிரமம் நாள்தோறும் நடத்தும் அன்னதானத்தோடு மாணவர் கல்விக்கும் கைகொடுக்கின்றது. நாம் தொடக்கத்திலே சொன்ன இரண்டு வழிகளும் ஓரிடத்திலே வந்து கூடுவதை அங்கே காணலாம்.

யுத்தத்தோடு இன்னொரு மாற்றமும் வந்தது. புலம்பெயர்ந்து சென்ற எம்மவர் மாதந்தோறும் பணம் அனுப்பி ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்கத் தொடங்கினர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இரவு வேலை செய்து உழைத்த பணம் அது; அதன் அருமையை நாம் நன்கு அறிவோம். ஆனால் சில இடங்களிலே அப்பணத்தோடு ஒரு படிவமும் வந்தது. பிள்ளையின் படம் வேண்டும். தகப்பன் எவ்வாறு இறந்தான் என்ற விவரம் வேண்டும். தவணைதோறும் பிள்ளை கைப்பட எழுதிய நன்றிக் கடிதம் வேண்டும். உதவி வழங்கும் விழாவிலே பிள்ளையை மேடையேற்றி, கொப்பிப் பொதியின் ஒரு முனையைத் தலைவரும் மறு முனையைப் பிள்ளையும் பிடித்திருக்கப் படம் எடுப்பர். அடுத்த நாட் காலையிலே வகுப்பிலே சக பிள்ளைகள் அப்படத்தைப் பார்த்திருப்பர். பெயரை மாற்றும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டோடு போயிற்று. பெயரின் முன்னே ‘உதவி பெறும்’ என்ற அடைமொழியைச் சூட்டும் வழக்கம் வந்துவிட்டது. பணம் அனுப்புபவரிலே நாம் குறை காணவில்லை. தூரத்திலிருப்பவர் தம் பணம் உரிய இடம் சேர்ந்ததா என அறிய விரும்புவது நியாயமே. அதற்குக் கணக்குக் காட்ட வேண்டியது சங்கம், பிள்ளையன்று.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திரார். ஏப்ரலிலே நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்தது. அதற்கு முந்திய மாதத்திலே, தாளில்லாமையால் மேல் மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அரிசி விலையும் பால்மா விலையும் ஏறின; கொப்பி விலையும் சப்பாத்து விலையும் ஏறின; பஸ் கட்டணமும் ஏறிற்று. பிள்ளைக்கு வேதனம் இல்லை, பாடநூலுக்குப் பணம் இல்லை. ஆனாலும் இலவசக் கல்வியின் வாசலிலே வந்து நிற்பதற்கே காசு வேண்டியதாயிற்று. காலைக் கூட்டத்திலே தேவாரம் பாடும்போது மயங்கி விழும் பிள்ளைக்கு நோய் ஒன்றுமில்லை, முதல்நாள் மத்தியானத்துக்குப் பின் அது உண்ணவில்லை என்பதை ஆசிரியர்கள் அறிவர். மதிய இடைவேளையிலே கொடுக்கும் சோறு அப்பிள்ளைக்குக் காலந்தாழ்ந்த சோறாகும். முதலாம் பாடத்துக்கு முன்னர் ஒரு கோப்பை இலைக்கஞ்சி கொடுத்தாற் கணக்கும் தலையில் ஏறும். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களை வீட்டார் வேலைக்கு அனுப்பும் எண்ணம் எழுவது அவ்வயதிலேதான். ஆரம்ப வகுப்பிலே உதவி தொடங்கிச் சாதாரணதரப் பரீட்சைக்கு முன்னே கைவிட்டால், முந்திய ஆண்டுகளின் செலவும் வீணாகும். ஆகையாற் புதிதாகப் பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதிலும், சேர்த்த பிள்ளையை உயர்தரம் வரை கொண்டுசெல்வதையே எமது சங்கம் முதன்மையாகக் கருதுகின்றது. இதனால் எமது எண்ணிக்கை சிறிதாகத் தோன்றும், தோன்றட்டும்.

இம்மலரிலே மாணவர் உதவி நிதியின் வரவு செலவுக் கணக்கு வெளியாகின்றது. தந்தவர்களின் பெயர்கள், அவர்கள் தடை சொல்லாதவிடத்து, அங்கே உள்ளன. பெற்ற பிள்ளைகளின் பெயர்களோ படங்களோ அங்கே இல்லை. இது குறித்து அங்கத்தவர் சிலர் மனத்தாங்கல் கொண்டதை அறிவோம். பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கைகளை அதிபர்களிடமிருந்து பெற்றுச் செயலாளர் வைத்திருக்கின்றார்; நிதிக்கு உதவிய எவரும் அவற்றிலே வகுப்பையும் புள்ளிகளையும் வரவையும் பார்க்கலாம். கொப்பிகளும் சப்பாத்தும் பாடசாலை மூலமே, ஏனைய பிள்ளைகள் அறியாவண்ணம் சேர்ப்பிக்கப்படும். காலைக் கஞ்சி வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பந்தியிலே கொடுக்கப்படும். வறிய பிள்ளைகளைப் பிரித்து நிறுத்துவதில்லை. இதனாலே செலவு கூடுகின்றது. அக்கூடுதற் செலவுக்காகவே, வீடுகளிலே பிடியரிசி முட்டி வைக்கும் வழக்கத்தை மீண்டும் தொடங்குமாறு தாய்மாரை வேண்டிக்கொள்கின்றோம். முட்டி வைக்க விரும்புவோர் தம் வட்டாரத்துச் சங்க அங்கத்தவரிடம் சொல்லிவிட்டாற் போதும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எமது இளைஞர்கள் வந்து எடுத்துச் செல்வார்கள்.